ஏ-0 முதல் ஹெச்100 வரை... கம்பைலருக்கு பெயரும் வெர்ஷன் எண்ணும் வந்தது எப்படி? யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

கோட் எழுதும் எடிட்டரைத் திறந்தால், திரையின் அடியில் ஒரு மெல்லிய பட்டை தெரியும். அதில் "ஜிசிசி 13.2" என்றோ "கிளாங் 17" என்றோ ஒரு சின்னப் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனா, வீட்டில் நன்றாக ஓடின புரோகிராம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட மறுக்கும்போது, முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

எந்த கம்பைலர், எந்த வெர்ஷன் என்பதை எவ்வளவு சுருக்கமாகக் காட்டலாம்? எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது? இன்றைய எடிட்டர்களை உருவாக்குபவர்கள் யோசிக்கும் இந்தக் கேள்விக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. தன் கம்பைலருக்கு ஓர் எழுத்து, ஓர் எண் என்று பெயர் வைத்த ஒரு கணிதப் பேராசிரியையின் வாழ்க்கையோடு சேர்ந்தே அது வளர்ந்தது. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர். அவர் யார், என்ன செய்தார், அவர் கதைக்கும் எடிட்டரில் தெரியும் அந்த எண்ணுக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

கம்பைலர் என்றால் என்ன?

மனிதர்கள் எழுதும் கோட், கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. அதற்குத் தெரிந்தது மெஷின் கட்டளைகள் மட்டும்தான். மனிதர் எழுதியதை மெஷின் கட்டளைகளாக மாற்றித் தரும் சாப்ட்வேர்தான் கம்பைலர்.

ஒரே கோடை இரண்டு வேறு கம்பைலரிடம் கொடுத்தால், இரண்டு விதமான மெஷின் கட்டளைகள் கிடைக்கலாம். ஒரே கம்பைலரின் பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும்கூட வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். ஒன்று ஏற்றுக்கொண்ட வரியை இன்னொன்று தவறு என்று திருப்பி அனுப்பும். அதனால்தான் பெயரும் எண்ணும் முக்கியம்.

7 கடிகாரங்களைப் பிரித்த சிறுமி

1906 டிசம்பர் 9-ம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார் கிரேஸ் புரூஸ்டர் மர்ரே. மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில் ஓர் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, அதைப் பிரித்துப் போட்டார். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. அது எப்படி என்று பார்க்க இன்னொன்றைப் பிரித்தார். வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் இப்படியே பிரிந்துபோன பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அதன்பிறகு அவருக்கு ஒரே ஒரு கடிகாரம் மட்டும் அனுமதி.

வாஸர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1928-ல் பட்டம் பெற்றார். 1930-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1934-ல் அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டம். இடையில் 1930-ல் வின்சென்ட் ஹாப்பரைத் திருமணம் செய்தார். 1945-ல் விவாகரத்து ஆனாலும், ஹாப்பர் என்ற பெயர் மட்டும் கடைசிவரை அவருடனே இருந்தது. 1931 முதல் வாஸர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

எடை குறைவு... ஆனாலும் கடற்படை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், கடற்படையில் சேர விரும்பினார் ஹாப்பர். அவருடைய கொள்ளுத் தாத்தா ஒருவர் கடற்படை அட்மிரல். ஆனா மூன்று தடைகள் இருந்தன. வயது 35-ஐத் தாண்டிவிட்டது. குறைந்தபட்ச எடையைவிட 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ, குறைவு. கணிதப் பேராசிரியர் வேலையும் போர்க்கால அவசியப் பணி என்று கருதப்பட்டது.

விடாமல் முயன்று, சிறப்பு அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படை ரிசர்வில் சேர்ந்தார். பயிற்சியில் தன் பிரிவில் முதலிடம் பெற்று, 1944-ல் லெப்டினன்ட் ஜூனியர் கிரேடு ஆனார். கப்பல் கிடைக்கும் என்று நினைத்திருந்தால் கிடைத்தது வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஐக்கன் தலைமையில் இயங்கிய கணக்கீட்டுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது மார்க் 1.

நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்த சிக்கல்

மார்க் 1 ஓர் அறை முழுக்க நிற்கும் கணக்கீட்டு இயந்திரம். நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். வினாடிக்கு மூன்று கூட்டல் கணக்குகள்தான் போடும். ஆனாலும் அந்தக் காலத்தில் அது பெரிய வேகம். அதற்குப் புரோகிராம் எழுதிய முதல் சிலரில் ஹாப்பரும் ஒருவர். அந்த இயந்திரத்தை இயக்குவது எப்படி என்று 561 பக்கக் கையேடு ஒன்றையும் தயாரித்தார். அது 1946-ல் வெளியானது.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கணக்குக்கு எழுதிய கட்டளைத் துண்டு சரியாக ஓடினால், அதை நோட்டில் குறித்து வைப்பார்கள். அடுத்தவருக்கு அதே கணக்கு தேவைப்பட்டால், நோட்டை வாங்கிக் கையால் காப்பி எழுதிக்கொள்வார். நேரம் மிச்சம்தான். ஆனா, அப்படிப் பார்த்து எழுதும்போது தப்பு வரும்.

பிறகு யூனிவாக் கம்ப்யூட்டரில் வேலை செய்தபோதும் இதே தலைவலி. அங்கே காலி இடத்தைக் குறிக்க முக்கோணம் போன்ற ஒரு குறி போடுவார்கள். 4 என்ற எண்ணை அவசரமாக எழுதினால், அது அந்த முக்கோணம் மாதிரி தெரியும். ஆங்கில 'பி' எழுத்து 13 ஆகிவிடும். ஒரு குறி மாறினால் மொத்தப் புரோகிராமும் வீண். மனிதர்கள் காப்பி எடுப்பதில் ரொம்ப மோசம் என்ற முடிவுக்கு ஹாப்பர் வந்தது இப்படித்தான். இரண்டு குறிகள் ஒன்றுபோலத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் அனுபவத்தில் பார்த்துவிட்டார்.

பூச்சி கதை உண்மையா?

ஹாப்பர் பெயரைச் சொன்னாலே பலருக்கு நினைவுக்கு வருவது விட்டில் பூச்சி கதைதான். 1947 செப்டம்பர் 9-ம் தேதி, ஹார்வர்டின் மார்க் 2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனா, 'பக்' என்ற சொல் அன்று பிறக்கவில்லை. இயந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல்லை எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் பயன்படுத்தினார்கள். பூச்சியைக் கண்டுபிடித்தவரும் ஹாப்பர் இல்லை. அந்தக் கதையை மேடை மேடையாகச் சொல்லிப் பிரபலமாக்கியவர்தான் அவர்.

1952: ஏ-0 வந்தது

போர் முடிந்தது. வயது கூடிவிட்டதால் நிரந்தரக் கடற்படைப் பணி கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் ஹார்வர்டில் ஆராய்ச்சியாளராகத் தொடர்ந்தார். 1949-ல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் நடத்திய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர்கள் யூனிவாக் 1 கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் வாங்கிவிட்டது.

அங்கேதான் அந்த யோசனை வந்தது. நன்றாகச் சோதித்த கட்டளைத் துண்டுகளை ஒரு டேப்பில் சேர்த்து வைப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறிய குறியீட்டு எண் கொடுப்பது. புரோகிராம் எழுதுபவர் அந்த எண்களை மட்டும் வரிசையாகச் சொன்னால் போதும். கம்ப்யூட்டரே டேப்பில் தேடி, துண்டுகளை எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, ஒரே புரோகிராமாகத் தொகுத்துக் கொடுத்துவிடும். துண்டுகளைத் தொகுப்பதால்தான் அதற்குக் கம்பைலர் என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல். தொகுத்துக்கொண்டு போகும்போது, இன்னும் வராத ஒரு பகுதிக்கு முன்னோக்கித் தாவ வேண்டியிருந்தால் என்ன செய்வது? அந்தப் பகுதி எங்கே அமையும் என்றே தெரியாது. கல்லூரியில் விளையாடிய கூடைப்பந்து இதற்கு வழி காட்டியது. பந்தை நடுவில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு வாங்கிக்கொள்வது மாதிரி, நினைவகத்தின் ஓரத்தில் ஒரு பொது இடத்தை ஒதுக்கினார். தாவல் முதலில் அங்கே போகும். சரியான முகவரி தெரிந்ததும் அங்கிருந்து உரிய இடத்துக்குப் போகும்.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கம்ப்யூட்டர் மாநாட்டில் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வைத்தார். பலர் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடும், புரோகிராமா எழுதும் என்று கேட்டார்கள். இன்றைய அளவுகோலில் பார்த்தால், அது கம்பைலர் என்பதைவிட, துண்டுகளை இணைத்து ஏற்றும் 'லிங்கர்', 'லோடர்' சாப்ட்வேர்களுக்குத்தான் நெருக்கமானது. ஆனால் மெஷினுக்கான புரோகிராமை மெஷினே உருவாக்கட்டும் என்ற பாதை திறந்துவிட்டது.

ஓர் எழுத்து, ஓர் எண்

அந்த முதல் கம்பைலருக்கு வைத்த பெயர் ஏ-0. அடுத்தடுத்து ஏ-1, ஏ-2 வந்தன. பெயரைப் பார்த்தாலே இரண்டு விஷயம் தெரியும். 'ஏ' என்றால் எண்கணிதக் குடும்பம். எண் என்றால் எத்தனையாவது பதிப்பு. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சுருக்கம் அன்றைக்கு அழகுக்காக வந்தது இல்லை. யூனிவாக் 1 நினைவகத்தில் மொத்தமே 1,000 'சொற்கள்'தான். ஒரு சொல்லில் 12 எழுத்துகள் மட்டும் அடங்கும். ஏ-2 கம்பைலருக்குக் கொடுக்கும் ஒரு கட்டளையும் அந்த 12 எழுத்துக்குள்தான் இருக்க வேண்டும். எந்த வேலை, எந்த எண்களை எடுப்பது, விடையை எங்கே வைப்பது எல்லாம் அதற்குள்ளேயே.

1953-ல் தயாரான ஏ-2 யூனிவாக் வாங்கியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் மூல கோடையும் சேர்த்தே கொடுத்து, திருத்தங்கள் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். இன்றைய ஓபன் சோர்ஸ் முறைக்கு இது முன்னோடி என்று சிலர் சொல்வதுண்டு. பல இடங்களில் பலர் திருத்தும்போது, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டியது கட்டாயமாகிவிடும்.

ஒரே கம்பைலருக்கு இரண்டு பெயர்

1954-ல் தானியங்கி புரோகிராமிங் துறைக்கு ஹாப்பர் இயக்குநர் ஆனார். அவர் குழு உருவாக்கிய கம்பைலர்களுக்கு விற்பனைப் பிரிவு கவர்ச்சியான பெயர்களை வைத்தது. ஏ-3 கம்பைலர் 'அரித்-மேட்டிக்' ஆனது. ஏடி-3 'மேத்-மேட்டிக்' ஆனது. வணிகக் கணக்குகளுக்கான பி-0 'ஃப்ளோ-மேட்டிக்' ஆனது.

விளம்பரத்துக்கு இது சரி. ஆனா, பெயரில் இருந்த எண் காணாமல் போனது. உருவாக்கியவர்கள் ஒரு பெயர் சொல்ல, வாங்கியவர்கள் இன்னொரு பெயர் சொல்லும் நிலை அப்போதே வந்துவிட்டது.

பி-0 வேறொரு வகையிலும் முக்கியம். கணிதக் குறிகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுத வைத்த கம்பைலர் அது. சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு போன்ற வேலை செய்பவர்கள் கணித மேதைகளாக இருக்க வேண்டியதில்லை என்பது ஹாப்பரின் எண்ணம். சொற்கள் வெறும் அடையாளங்கள்தான் என்று காட்ட, அதே புரோகிராமைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் எழுதி நிர்வாகத்துக்குக் காட்டினார். நிர்வாகம் பதறிப்போனது. அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று அவர்கள் யோசித்தார்கள். கடைசியில் ஆங்கிலத்தில் மட்டும் செய்வதாக ஒப்புக்கொண்ட பிறகே வேலை நகர்ந்தது.

கோபோல்: பெயர் ஒன்று, கம்பைலர்கள் பல

1950-களின் கடைசியில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1957-ல் ஃபோர்ட்ரான் கொண்டுவந்தது. வேறு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வாங்கினால், எல்லாப் புரோகிராமையும் திரும்ப எழுத வேண்டும். செலவு எகிறியது.

எல்லா மெஷினுக்கும் பொதுவான ஒரு வணிக மொழி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பென்டகனில் கூட்டம் போட்டது. ஹாப்பர் தொழில்நுட்ப ஆலோசகர்களில் ஒருவர். அங்கே தொடங்கிய வேலையில் பிறந்ததுதான் கோபோல். இதை ஹாப்பர் தனியாக உருவாக்கினார் என்று சொல்வது சரியல்ல. ஜீன் சாம்மெட் உள்ளிட்ட பலர் இருந்த குழுதான் எழுதியது. ஆனா, அந்த மொழிக்கு மிகப் பெரிய அடித்தளமாக இருந்தது ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக்.

1960 டிசம்பர் 6, 7 தேதிகளில் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. ஏறக்குறைய ஒரே கோபோல் புரோகிராம், ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற இரண்டு வேறு நிறுவனக் கம்ப்யூட்டர்களில் ஓடியது. எழுதும் மொழியும் ஓடும் மெஷினும் இனி தனித்தனி என்று அது காட்டியது.

அதோடு ஒரு புதுக் கேள்வியும் வந்தது. முன்பு ஏ-2 என்றால் அது ஒரே ஒரு கம்பைலர். இப்போது கோபோல் என்பது மொழியின் பெயர். அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கம்பைலர் செய்யும். மொழிக்கு ஒரு பதிப்பு, கம்பைலருக்கு ஒரு பதிப்பு என்று இரண்டு எண்கள் புழக்கத்துக்கு வந்தன.

பேர் மட்டும் கோபோல்... உள்ளே வேற!

மொழியின் பதிப்புக்கு ஆண்டையே எண்ணாக வைத்தார்கள். கோபோல்-60, கோபோல்-61, கோபோல்-65. பிறகு தேசியத் தர அமைப்பு ஏற்ற கோபோல்-68, 74, 85 என்று தொடர்ந்தது.

ஆனா, நடைமுறை வேற மாதிரி இருந்தது. நிறுவனங்கள் தங்கள் கம்பைலரில் கூடுதல் வசதிகளைச் சேர்த்தன. சிலவற்றை விட்டன. பெட்டியின் மேல் கோபோல் என்று எழுதியிருந்தாலும், ஒரு நிறுவனத்தின் கம்பைலரில் ஓடிய புரோகிராம் அடுத்த நிறுவனத்தின் கம்பைலரில் ஓடவில்லை. பொது மொழி என்ற நோக்கமே ஆட்டம் கண்டது.

1966 டிசம்பர் 31-ல் கமாண்டர் பதவியோடு கடற்படை ரிசர்விலிருந்து ஹாப்பர் ஓய்வுபெற்றார். அப்போது வயது 60. ஏழே மாதம்தான். 1967 ஆகஸ்டில் கடற்படை திரும்ப அழைத்தது. குழம்பிக் கிடந்த கடற்படைப் புரோகிராம்களை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும், ஆறு மாதப் பணி என்றார்கள். அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது.

கடற்படையின் புரோகிராமிங் மொழிகள் குழுவுக்குத் தலைவரானார். அவர் குழு ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. கோபோல் தரநிலையில் இருக்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும் சின்னச் சின்னச் சோதனைப் புரோகிராம்கள். ஒரு கம்பைலரிடம் இவை அனைத்தையும் கொடுத்தால், எதில் தேறியது, எதில் தோற்றது என்று தெரிந்துவிடும். 1970-களில் இது அமெரிக்க அரசு முழுவதற்குமான பரிசோதனைச் சேவையாக வளர்ந்தது. அரசுக்கு விற்க வரும் கோபோல் கம்பைலர்கள் இந்தச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற நிலை வந்தது.

இந்தச் சோதனையின் முடிவு பொதுவாக ஒரு நிறுவனத்துக்கோ பெயருக்கோ செல்லாது. இந்த கம்பைலரின் இந்த வெர்ஷன், இந்த மெஷினில், இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சோதிக்கப்பட்டது என்றுதான் சொல்ல முடியும். வெர்ஷன் மாறினால் பழைய முடிவை நம்ப முடியாது. கம்பைலரின் அடையாளம் என்றால் பெயர், வெர்ஷன், மெஷின் மூன்றும் சேர்ந்தது என்ற வழக்கம் இப்படித்தான் உறுதிப்பட்டது. அந்த வழியில் வளர்ந்த கோபோல்-85 சோதனைத் தொகுப்பை, இலவசமாகக் கிடைக்கும் குனு கோபோல் கம்பைலர் இன்றும் பயன்படுத்துகிறது.

அதிகமாகச் சுருக்கினால் என்ன ஆகும்?

கோபோல்-60, 68, 74... எல்லாமே இரண்டு இலக்க ஆண்டுகள். அந்தக் காலப் புரோகிராம்களும் தேதிகளை அப்படித்தான் சேமித்தன. நினைவகம் விலை அதிகம். துளையிட்ட அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். 19 என்ற இரண்டு இலக்கத்தை விட்டால் பெரிய மிச்சம்.

அந்தச் சுருக்கம் கடைசியில் ஒய்2கே பிரச்சனையாகத் திரும்பி வந்தது. 00 என்றால் 1900-ஆ, 2000-ஆ என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உலகம் முழுக்க வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பழைய கோபோல் புரோகிராம்களைத் தேடித் தேடித் திருத்தின. அதைப் பார்க்க ஹாப்பர் உயிரோடு இல்லை. அடுத்த பதிப்பு வந்தபோது மொழியின் பெயரே மாறியது. கோபோல்-85-க்கு அடுத்தது கோபோல் 2002. நான்கு இலக்கம்.

இன்றைய எடிட்டர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஹாப்பர் சந்தித்த அதே குழப்பங்கள் இன்றும் வேறு உருவத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்தே, எடிட்டரின் சின்னப் பட்டையில் எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யலாம்.

* ஒரே பொருளுக்குப் பல எண்கள்: மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ 2022-ன் உள் வெர்ஷன் 17. அதோடு வரும் கருவித்தொகுப்பின் எண் 143. கம்பைலர் தன்னை அறிமுகப்படுத்தும்போது சொல்லும் எண் 19-ல் ஆரம்பிக்கும். ஃப்ளோ-மேட்டிக், பி-0 குழப்பம் மாதிரிதான். எடிட்டர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லா இடத்திலும் அதையே காட்ட வேண்டும்.

* ஒரே எண்ணுக்குப் பல பொருள்கள்: கிளாங் 17 என்பது கம்பைலர் வெர்ஷன். சி பிளஸ் பிளஸ் 17 என்பது 2017-ல் வந்த மொழித் தரநிலை. வெறும் 17 என்று போட்டால் யாருக்கும் புரியாது. எண்ணுக்கு முன்னால் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

* பெயரில் பாதியை வெட்டக் கூடாது: ஆப்பிள் தரும் கிளாங் கம்பைலருக்கும், அதன் மூலமான எல்எல்விஎம் திட்டத்தின் கிளாங் கம்பைலருக்கும் வெர்ஷன் எண்கள் வேறு வேறு. 'ஆப்பிள்' என்ற ஒரு சொல்லை இடம் மிச்சம் என்று விட்டால், 15 என்ற எண்ணே தவறான தகவல் ஆகிவிடும்.

* எதை விடலாம்: இப்போதைய ஜிசிசி வெளியீடுகளின் மூன்றாவது எண் 0-தான். 13.2.0 என்பதை 13.2 என்று காட்டினால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனா அங்கே 1 இருந்தால், அது இரண்டு வெளியீடுகளுக்கு நடுவில் எடுத்த பதிப்பு. அப்போது முழுசாகக் காட்ட வேண்டும்.

* எந்த மெஷினுக்கு: லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு, அதே லேப்டாப்புக்குக் கோட் செய்தால் மெஷின் பெயர் தேவையில்லை. சின்ன ஆர்ம் போர்டுக்காகச் செய்தால் அந்தப் பெயர் கட்டாயம். பெயரும் வெர்ஷனும் ஒன்றாக இருந்தாலும், அது வேறு கம்பைலர்.

* மீதி எல்லாம்: பில்டு தேதி, லினக்ஸ் விநியோகத்தின் ஒட்டு, கம்பைலர் இருக்கும் ஃபோல்டர் போன்றவை பட்டையில் வேண்டாம். மவுஸை மேலே வைத்தால் முழு விவரமும் வரட்டும். அதை காப்பி எடுக்கும் வசதியும் இருக்கட்டும். ஹாப்பரின் நோட்டுப் புத்தக அனுபவம் சொல்வது போல, கையால் பார்த்து எழுதினால் தப்பு வரும்.

கையில் ஒரு அடி கம்பி

1973-ல் கேப்டன், 1983-ல் அதிபர் ரீகனின் சிறப்பு நியமனத்தில் கமடோர் என்று உயர்ந்தார் ஹாப்பர். 1985-ல் அந்தப் பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என்று மாற்றப்பட்டது.

அந்த ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுற்றி உரையாற்றினார். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோ வினாடி. அது எவ்வளவு என்று புரிய வைக்க, சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கூட்டத்தினரிடம் கொடுப்பார். அந்த நேரத்தில் மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. அவருடைய அலுவலகச் சுவரில் பின்னோக்கி ஓடும் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. வழக்கமாகச் செய்வதுதான் சரி என்று நினைக்காதீர்கள் என்பதற்கு அதுவே அவருடைய பாடம்.

1986 ஆகஸ்ட் 14-ம் தேதி, பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலில் அவருக்கு ஓய்வு விழா நடந்தது. வயது 79. பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளில் மூத்தவர் அவர்தான். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் இருக்கவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1991-ல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. தனிநபராக அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

1992 ஜனவரி 1-ம் தேதி, தன் 85-வது வயதில் வர்ஜீனியா மாகாணத்தின் ஆர்லிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றும் ஓடும் பெயர்

1997-ல் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்று யுஎஸ்எஸ் ஹாப்பர் என்ற பெயரில் சேவைக்கு வந்தது. 2016-ல் அதிபர் ஒபாமா, அவருக்கு மறைவுக்குப் பின்னான அதிபர் சுதந்திரப் பதக்கம் அளித்தார். 2017-ல் யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையை ஆதரித்த ஜான் கால்ஹூன் பெயரில் இருந்த தன் கல்லூரிக்கு கிரேஸ் ஹாப்பர் பெயரைச் சூட்டியது.

2022-ல் என்விடியா நிறுவனம் தன் புது சிப் வடிவமைப்புக்கு ஹாப்பர் என்று பெயர் வைத்தது. ஏஐ நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கிய ஹெச்100 சிப் அந்தக் குடும்பம்தான். அதன் பெயரில் முதலில் இருக்கும் 'ஹெச்' ஹாப்பரைக் குறிக்கிறது. எழுத்து குடும்பத்தைச் சொல்கிறது, எண் எந்த சிப் என்று சொல்கிறது. ஏ-0 கம்பைலருக்கு 1952-ல் பெயர் வைத்த அதே முறை.